எந்தச் செடி, எந்தப் பாகம், எவ்வளவு?



கதம்பம் தொடுக்கிறவர்களுக்கு மரிக்கொழுந்தை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. அந்தச் சாம்பல் பச்சைத் தழைக்குத் தாவரவியலார் வைத்த பெயர் ஆர்ட்டிமிசியா பாலென்ஸ். இந்த ஆர்ட்டிமிசியா பேரினத்தில் பல நூறு இனங்கள் உண்டு. ஐரோப்பாவில் அப்சிந்த் என்ற மதுவுக்குக் கசப்பேற்றியது ஒன்று. குடற்புழுவுக்குக் கொடுத்த சான்டோனின் என்ற பழைய மருந்தைத் தந்தது இன்னொன்று. சீன மருத்துவத்தில் உடம்பின் குறிப்பிட்ட இடங்களில் சூடு காட்டப் பயன்படும் மோக்சா பஞ்சு வேறொன்றின் இலை. டிராகன் படகுத் திருவிழா அன்று சீனர்கள் வாசற்கதவில் செருகி வைக்கும் கொத்தும் அதுதான்.

இன்றைய பேச்சு இந்தப் பேரினத்தின் இன்னோர் உறுப்பினரைப் பற்றியது. ஆர்ட்டிமிசியா அன்னுவா. சீன மருத்துவ நூல்கள் சிங்ஹாவ் என்ற பெயரில் பேசும் செடி. ஒரே பருவத்தில் முளைத்து, ஆள் உயரத்துக்கு வளர்ந்து, கடுகளவு மஞ்சள் பூக்கள் பூத்து, விதை விட்டுக் காய்ந்துவிடும். இலை கேரட் தழைபோல நுணுக்கமாகப் பிளந்திருக்கும். கசக்கினால் வாசனை தூக்கும். சாலையோரத்திலும் தரிசு நிலத்திலும் தானாக முளைக்கும் களைதான். இந்தக் களையிலிருந்து வந்த மருந்துதான் இன்று உலகெங்கும் மலேரியாவிலேயே கொடிய பால்சிபேரம் வகைக்கு முதல் சிகிச்சை.

இந்தக் கதையைச் சொல்கிறவர்கள் வழக்கமாக இரண்டு விதமாகச் சொல்வார்கள். ‘ஆயிரத்தறுநூறு ஆண்டுக்கு முன்பே ஏட்டில் எழுதி வைத்துவிட்டார்கள், விஞ்ஞானம் இப்போதுதான் கண்டுபிடித்திருக்கிறது’ என்பது ஒரு விதம். ‘ஏட்டுக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை, எல்லாம் வேதியியல்’ என்பது மறு விதம். நடந்ததைப் பார்த்தால் இரண்டுமே பொருந்தவில்லை. ஏட்டுக் குறிப்புக்கும் மாத்திரைக்கும் நடுவில் ஐந்து கேள்விகள் இருந்தன. குவிந்து கிடக்கும் குறிப்புகளில் எது? சாரத்தை எப்படி எடுப்பது? எந்தச் செடி, அதில் எந்தப் பாகம், எந்தப் பருவம்? உள்ளே இருக்கும் பொருள் என்ன, அது என்ன செய்கிறது? கடைசியாக, எவ்வளவு, எத்தனை நாள், எதோடு சேர்த்து? இந்த ஐந்துக்கும் பதில் தேடிய கதைதான் சிங்ஹாவின் கதை.

முதலில் நோயைப் பற்றிச் சிறிது. மலேரியாவை ‘முறைக்காய்ச்சல்’ என்று பழைய ஆட்கள் சொன்னது, ஒரு நாள் விட்டு ஒரு நாள் குளிரும் காய்ச்சலும் முறை வைத்து வருவதால். 17ஆம் நூற்றாண்டிலிருந்து உலகம் நம்பியிருந்த மருந்து தென் அமெரிக்க சின்கோனா மரத்தின் பட்டை. 1820இல் பாரிஸில் பெல்லெத்தியேவும் கவந்துவும் அந்தப் பட்டையிலிருந்து குயினைனைப் பிரித்தார்கள். ஆங்கிலேய அரசு 1860 முதல் நீலகிரியில் சின்கோனா பயிரிட்டது. தொட்டபெட்டாவிலும் நடுவட்டத்திலும் தோட்டங்கள் எழுந்தன. நடுவட்டத்தில் காட்டைத் திருத்தியவர்களில் மலாய்க் கடற்கரைக் குடியேற்றங்களிலிருந்து கொண்டுவரப்பட்ட சீனக் கைதிகளும் உண்டு. ஆனால் குயினைன் எல்லோருக்கும் போய்ச் சேரவில்லை. 1934-35இல் இலங்கையில் பரவிய மலேரியாவில் ஏறத்தாழ 80,000 பேர் மாண்டார்கள்.

இரண்டாம் உலகப் போரில் சின்கோனாத் தோட்டங்கள் நிறைந்த ஜாவாவை ஜப்பான் பிடித்ததும் குயினைன் வரத்து அடைபட்டது. அதன் பிறகு குளோரோகுயின் என்ற செயற்கை மருந்து எங்கும் பரவியது. விலை மலிவு, பக்க விளைவு குறைவு. உலகம் நிம்மதியாக மூச்சுவிட்ட காலம் அது. அந்த நிம்மதி இருபது ஆண்டுகூட நீடிக்கவில்லை. 1950களின் கடைசியில் தாய்லாந்து-கம்போடியா எல்லையிலும் கொலம்பியாவிலும் குளோரோகுயினுக்கு அடங்காத மலேரியா ஒட்டுண்ணிகள் தோன்றின. 1960களில் வியட்நாம் போர் மூண்டபோது அதே வகை மலேரியா அந்தக் காடுகளில் இருந்தது. இரு தரப்புப் படைகளும் அதில் விழுந்தன.

அமெரிக்காவில் வால்டர் ரீட் ராணுவ ஆய்வு நிறுவனம் இரண்டு லட்சத்துக்கும் அதிகமான வேதிப்பொருள்களைச் சோதித்து, மெஃப்ளோகுயினைக் கண்டெடுத்தது. வட வியட்நாம் சீனாவிடம் உதவி கேட்டது. 1967 மே 23ஆம் தேதி பெய்ஜிங்கில் ஒரு கூட்டம் நடந்தது. அந்தத் தேதியையே பெயராக்கி, திட்டம் 523 என்று ரகசியப் பெயர் வைத்தார்கள். அறுபதுக்கும் மேற்பட்ட நிறுவனங்கள், ஐந்நூறுக்கும் மேற்பட்ட ஆய்வாளர்கள். ஒரு பிரிவு செயற்கை மருந்துகளைத் தேடியது, இன்னொரு பிரிவு மூலிகைகளை.

அது கலாச்சாரப் புரட்சிக் காலம் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். பேராசிரியர்கள் வயலுக்கு அனுப்பப்பட்டார்கள், ஆய்வுக்கூடங்கள் பூட்டிக் கிடந்தன. ராணுவத் திட்டம் என்ற பாதுகாப்பு இருந்ததால்தான் இந்த ஆய்வு நடந்தது.

1969 ஜனவரியில் பெய்ஜிங்கில் உள்ள சீன மருத்துவக் கழகத்திலும் ஓர் ஆய்வுக் குழு அமைக்கப்பட்டது. அதற்குத் தலைமையேற்றவர் டூ யூயூ. 1930இல் நிங்போ நகரில் பிறந்தவர். பெய்ஜிங் மருத்துவக் கல்லூரியில் மருந்தியல் படித்து 1955இல் வெளியே வந்தவர். மேலைமுறை மருந்தியல் படித்த பிறகு, சீன மருத்துவத்தையும் முறையாகப் பயின்றவர். அவருடைய கணவரை அப்போது கிராமத்துக்கு அனுப்பியிருந்தார்கள். மலேரியா மலிந்த ஹைனான் தீவுக்கு டூ யூயூ போக வேண்டியிருந்தது. மூத்த மகளைக் காப்பகத்திலும், இளையவளை நிங்போவில் தாத்தா பாட்டியிடமும் விட்டுவிட்டுப் போனார்.

இங்கேதான் முதல் கேள்வி வருகிறது. எந்தக் குறிப்பு?

குழு பழைய நூல்களைப் புரட்டியது, மூத்த வைத்தியர்களைக் கேட்டது, பொதுமக்கள் எழுதிய கடிதங்களையும் படித்தது. இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட குறிப்புகள் சேர்ந்தன. அவற்றில் 640ஐப் பொறுக்கி, 1969 ஏப்ரலில் ஒரு கையேடாகத் தொகுத்தார்கள். சுமார் 200 மூலிகைகளிலிருந்து 380க்கும் மேற்பட்ட சாரங்களை எடுத்து, மலேரியா தொற்றிய எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். மிளகின் சாரம்கூட எலிகளிடம் நல்ல பலன் காட்டியது, நோயாளிகளிடம் கைவிரித்துவிட்டது.

பழைய ஏடுகள் மலேரியாவுக்குச் சிங்ஹாவை மட்டும் சொல்லவில்லை. அவை அதிகம் புகழ்ந்தது சாங்ஷான் என்ற வேரை. அதில் மலேரியாவைக் கொல்லும் பொருள் உண்மையாகவே இருக்கிறது. ஆனால் சாப்பிட்டவர்களுக்குக் குடலே வெளியே வரும்படி வாந்தி வரும். சிங்ஹாவின் பெயரோ வேறு நோய்களுக்கும் அடிபடுகிறது. மாவாங்துய் என்ற இடத்தில் கி.மு. 168இல் மூடப்பட்ட ஒரு கல்லறையிலிருந்து 1973இல் பட்டுத்துணியில் எழுதிய மருத்துவக் குறிப்புகள் கிடைத்தன. அதில் சிங்ஹாவ் மூல நோய்க்கான மருந்து. ஆக, ஏட்டில் ஒரு செடியின் பெயர் இருப்பது மட்டும் எதையும் நிரூபித்துவிடாது. நூற்றுக்கணக்கான பெயர்களில் அதுவும் ஒன்று.

சோதனையில் சிங்ஹாவ் முதலில் நம்பிக்கை தந்தது. ஒரு முறை 68 சதவீதம் ஒட்டுண்ணிகளை அடக்கியது. மறுபடி செய்தபோது பலன் சரிந்தது. 40ஐத் தாண்டவில்லை, 12 வரை இறங்கியது. வேறு குழுவாக இருந்தால் அதைப் பட்டியலிலிருந்து அடித்துவிட்டு அடுத்த மூலிகைக்குப் போயிருக்கும். டூ யூயூ மறுபடி ஏட்டுக்குப் போனார்.

இரண்டாவது கேள்வி: எப்படி எடுப்பது?

கே ஹோங் என்பவர் நான்காம் நூற்றாண்டில் வாழ்ந்த தாவோயிச அறிஞர், ரசவாதி. தெற்கே குவாங்தோங்கின் லுவோஃபு மலையில் தங்கியிருந்தவர். முறைக்காய்ச்சல் புழங்கும் பகுதி அது. அவசரத்துக்குக் கையில் வைத்துக்கொள்ள வேண்டிய மருத்துவக் குறிப்புகள் என்று ஒரு நூல் எழுதினார். அதில் முறைக்காய்ச்சலுக்கு நாற்பதுக்கும் மேற்பட்ட முறைகள் உண்டு. அவற்றில் ஒன்று சிங்ஹாவ் பற்றியது. ஒரு கைப்பிடித் தழையை நீரில் ஊறப்போட்டு, பிழிந்து, அந்தச் சாறு முழுவதையும் குடிக்கச் சொல்கிறார். காய்ச்சச் சொல்லவில்லை.

சீன மருத்துவத்தில் மூலிகை என்றாலே கஷாயம்தான். மணிக்கணக்கில் கொதிக்க வைத்து வற்றக் காய்ச்சுவார்கள். கே ஹோங் மட்டும் ஏன் பிழியச் சொன்னார்? கொதிநிலையில் வேலை செய்யும் சத்து கெட்டுப்போகிறதோ என்ற ஐயம் டூ யூயூவுக்கு வந்தது. ரசம் நுரைகட்டியதும் இறக்காவிட்டால் மணம் போய்விடும் என்பது எந்தச் சமையலறைக்கும் தெரிந்த விஷயம். அதுபோன்ற ஓர் ஊகம்தான் இது. ஆனால் ஊகத்தோடு அவர் நிற்கவில்லை. 35 டிகிரியிலேயே கொதித்துவிடும் ஈதரைக் கரைப்பானாக எடுத்துக்கொண்டார். கிடைத்த சாரத்தை அமிலப் பகுதி, நடுநிலைப் பகுதி என்று பிரித்தார். நஞ்சு அமிலப் பகுதியில் இருந்தது, மருந்து நடுநிலைப் பகுதியில் நின்றது. 1971 அக்டோபர் 4ஆம் தேதி, 191ஆம் எண் மாதிரி எலிகளிடம் நூற்றுக்கு நூறு பலன் தந்தது. அடுத்து குரங்குகளிடமும் அப்படியே.

பின்னால் வேதியியல் இதற்கு இன்னொரு விளக்கமும் தந்தது. இந்தச் செடியின் மருந்துப் பொருள் எண்ணெயில் கரையும், நீரில் மிகக் கொஞ்சமே கரையும். கஷாயம் தோற்றதில் வெப்பத்தோடு நீருக்கும் பங்கு உண்டு. ஆக்ஸ்ஃபர்டு மானிடவியலாளர் எலிசபெத் சூ இந்தச் செடியின் சீன வரலாற்றை நூல் நூலாக ஆராய்ந்தவர். பச்சைத் தழையை ஊறவைத்து முறுக்கிப் பிழிந்தால் இலையின் எண்ணெய்ப் பசை நீரோடு கலந்து பால்போல வரும், அதில் மருந்து கூடுதலாக இறங்கியிருக்கலாம் என்பது அவருடைய வாதம். ஏட்டின் ஒரு சிறு வினைச்சொல்லை அலட்சியம் செய்யாமல் படித்ததுதான் பலன் தந்தது. அந்த வாசிப்பையும் எலியிடமும் குரங்கிடமும் காட்டித்தான் நம்பினார்கள்.

மனிதர்களுக்குக் கொடுப்பதற்குப் போதுமான சாரம் வேண்டும். தொழிற்சாலைகள் மூடிக் கிடந்தன. வீடுகளில் தண்ணீர் பிடித்து வைக்கும் பெரிய தொட்டிகளில் தழையை ஈதரில் ஊறப்போட்டார்கள். காற்றோட்டம் கிடையாது, கையுறை கிடையாது. ஆய்வாளர்கள் சிலர் மயங்கினார்கள். டூ யூயூவுக்குக் கல்லீரல் அழற்சி வந்தது. விலங்குகளிடம் நச்சுத்தன்மை உண்டா என்ற சந்தேகம் தீராமல் இருந்தது. மலேரியாக் காலம் முடிந்துவிட்டால் ஓராண்டு வீணாகும். 1972 ஜூலையில் டூ யூயூவும் அவருடைய சக ஊழியர்கள் இருவரும் மருத்துவமனையில் சேர்ந்து, தாங்களே அந்தச் சாரத்தைச் சாப்பிட்டார்கள். ஒன்றும் ஆகவில்லை. அந்த ஆண்டே ஹைனானில் 21 நோயாளிகளும் பெய்ஜிங்கில் 9 பேரும் இந்தச் சாரத்தால் குணமானார்கள். நவம்பரில் குழு தூய படிகத்தைப் பிரித்தெடுத்தது. அதுதான் சிங்ஹாவ்சு, உலகம் ஆர்ட்டிமிசினின் என்று அழைக்கும் பொருள்.

மூன்றாவது கேள்வி நாட்டு மருந்துக் கடைக்காரர்களுக்கு நன்கு தெரிந்த தலைவலி. பெயர் ஒன்று, செடி பல.

சிங்ஹாவ் என்ற பெயரில் சீனச் சந்தையில் ஒன்றுக்கு மேற்பட்ட ஆர்ட்டிமிசியாக்கள் விற்றன. பதினோராம் நூற்றாண்டு அறிஞர் ஷென் குவோவே இதில் இரண்டு வகை உண்டு என்று எழுதியிருக்கிறார். டூ யூயூவின் குழு சோதித்தபோது, மருந்து மிகுதியாக இருந்தது ஆர்ட்டிமிசியா அன்னுவாவில் மட்டும். அதிலும் தண்டில் இல்லை, இலையில் இருந்தது. இலையிலும் பூப்பதற்குச் சற்று முன்னால்தான் உச்சம். பெய்ஜிங் சுற்றுவட்டாரச் செடியில் மிகக் குறைவு. யுன்னான் மருந்து ஆய்வகத்தில் லுவோ ஸெயுவான் 1973இல் படிகம் பிரித்தபோது, தென்மேற்குச் சீனாவில் யோயாங் பகுதியில் விளைந்த செடி வாரி வழங்கியது. ஷான்டோங் மாகாணத்தில் வேறொரு குழு தனியாகப் பிரித்தது. யார் முதலில் என்ற சச்சரவு சீனாவில் இன்றும் ஓயவில்லை. முதன்முதலில் 1977இல் வெளிவந்த ஆய்வுக் கட்டுரையில் ஆசிரியர் பெயரே கிடையாது. ‘கூட்டு ஆராய்ச்சிக் குழு’ என்றுதான் அச்சிட்டிருந்தார்கள்.

ஆர்ட்டிமிசினின் இலையின் மேற்பரப்பில் உள்ள நுண்ணிய சுரப்பி மயிர்களில் சேர்கிறது. காட்டுச் செடியின் உலர்ந்த இலையில் நூறில் ஒரு பங்குக்கும் கீழேதான் தேறும். பல செடிகளில் அதிலும் பத்தில் ஒரு பங்கு. லக்னோவில் உள்ள மத்திய மருத்துவ, நறுமணத் தாவர நிறுவனம் இந்த அளவை உயர்த்துவதற்காகவே ‘ஜீவன் ரக்ஷா’, ‘சிம் ஆரோக்யா’ என்ற ரகங்களை வெளியிட்டது. அதே ஊரில் உள்ள மத்திய மருந்து ஆராய்ச்சி நிறுவனம் ஆர்ட்டிமிசினினிலிருந்து ஆர்ட்டிஈதர் என்ற ஊசி மருந்தை உருவாக்கியது.

நான்காவது கேள்வி, உள்ளே இருப்பது என்ன?

கார்பன் 15, ஹைட்ரஜன் 22, ஆக்சிஜன் 5. நைட்ரஜன் ஓர் அணுகூட இல்லை. மலேரியா மருந்து என்றால் குயினைன் மாதிரி நைட்ரஜன் இருக்கும் என்று பழகியிருந்த வேதியியலாளர்கள் திகைத்தார்கள். 1975 வாக்கில் ஷாங்காய், பெய்ஜிங் ஆய்வகங்கள் எக்ஸ்ரே படிக முறையில் இதன் வடிவத்தைத் தீர்மானித்தன. மூலக்கூறின் நடுவே இரண்டு ஆக்சிஜன் அணுக்கள் ஒன்றோடொன்று இணைந்த ஒரு பெராக்சைடுப் பாலம். எளிதில் உடையும் அமைப்பு அது. மலேரியா ஒட்டுண்ணி சிவப்பணுவுக்குள் ஹீமோகுளோபினைத் தின்கிறது. அப்படித் தின்னும்போது ஹீமோகுளோபினின் ஹீம் பகுதியில் உள்ள இரும்பு வெளிப்படுகிறது. அந்த இரும்பு பட்டதும் பாலம் உடைந்து, வெறிபிடித்ததுபோல வினைபுரியும் துணுக்குகள் பிறந்து, ஒட்டுண்ணியின் புரதங்களைத் தாக்குகின்றன. தின்ற இரை வழியாகவே ஒட்டுண்ணிக்குச் சாவு வருகிறது. நலமான சிவப்பணுவில் இப்படி இரும்பு வெளிப்படுவதில்லை என்பதால் மனித உடம்புக்குச் சேதம் குறைவு.

வேகம் இதன் தனிச்சிறப்பு. ஒட்டுண்ணியின் 48 மணி நேரச் சுழற்சி ஒன்றுக்குள் அதன் எண்ணிக்கையைப் பத்தாயிரத்தில் ஒன்றாகக் குறைத்துவிடும். குவாங்சோவைச் சேர்ந்த மருத்துவர் லி குவோசியாவ் எல்லைப்புறக் கிராமங்களில் நினைவிழந்து கிடந்த நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தவர். 1982இல் ‘லான்செட்’ இதழில் அவர் பங்கேற்ற ஆய்வு வெளிவந்தது. அதில் அமெரிக்க ராணுவத்தின் மெஃப்ளோகுயினும் சீனாவின் சிங்ஹாவ்சுவும் ஒரே ஆய்வில் சோதிக்கப்பட்டன. போரில் எதிரெதிரே நின்ற இரு தரப்பின் கண்டுபிடிப்புகள் ஒரே கட்டுரையில் அமர்ந்தன. ஒட்டுண்ணியை வேகமாக அகற்றியது சீன மருந்து.

ஆர்ட்டிமிசினினை அப்படியே பயன்படுத்துவதைவிட, அதிலிருந்து செய்த உறவுப் பொருள்கள் நன்றாக வேலை செய்தன. ஷாங்காயில் லி யிங் ஆர்ட்டிமீதரைச் செய்தார், அது எண்ணெயில் கரையும். குய்லினில் லியு ஷு ஆர்ட்டிசுனேட்டைச் செய்தார், அதை ரத்த நாளம் வழியே ஊசியாகப் போடலாம். வங்கதேசம், மியான்மர், இந்தியா, இந்தோனேசியா ஆகிய நான்கு நாடுகளில் கடும் மலேரியா நோயாளிகளிடம் நடந்த ஆய்வு 2005இல் வெளிவந்தது. குயினைன் பெற்றவர்களில் 22 சதவீதமும், ஆர்ட்டிசுனேட் பெற்றவர்களில் 15 சதவீதமும் இறந்தார்கள். ஐந்து ஆண்டு கழித்து, ஆப்பிரிக்கக் குழந்தைகள் 5,425 பேரிடம் நடந்த ஆய்வும் அதையே சொன்னது. கடும் மலேரியாவில் குயினைனின் நூற்றாண்டுக்கால ஆட்சி அத்தோடு முடிந்தது.

ஐந்தாவது கேள்விதான் எல்லாவற்றிலும் நீளமானது. எவ்வளவு, எத்தனை நாள், எதோடு?

1973இல் நடந்த ஒரு சோதனையில் தூய படிகத்தை மாத்திரையாக்கிக் கொடுத்தார்கள். பலன் ஏமாற்றம் தந்தது. மருந்து கெட்டதா, ஆய்வே தவறா என்று குழம்பினார்கள். மாத்திரையை உடைக்கப் பார்த்தபோது உரலில் இட்டும் உடைவது கடினமாக இருந்தது. வயிற்றில் கரையவே இல்லை. அதே படிகத்தைக் காப்ஸ்யூலில் நிரப்பிக் கொடுத்தார்கள், நோயாளிகள் தேறினார்கள். நல்ல மருந்தும் தவறான உருவத்தில் போனால் தோற்கும்.

வேகத்துக்கு ஒரு மறுபக்கம் உண்டு. இந்த மருந்து சில மணி நேரத்தில் உடம்பிலிருந்து வெளியேறிவிடும். எஞ்சிய சில ஒட்டுண்ணிகள் மறுபடி பெருகும். தனியாகக் கொடுத்தால் ஏழு நாள் விடாமல் சாப்பிட வேண்டும். இரண்டு நாளில் காய்ச்சல் விட்டதும் எத்தனை பேர் மிச்சத்தைச் சாப்பிடுவார்கள்? ஆகவே, வேகமாகக் கொல்லும் ஆர்ட்டிமிசினினோடு உடம்பில் நெடுநாள் தங்கும் இன்னொரு மருந்தைச் சேர்த்தார்கள். சீன ராணுவ மருத்துவக் கழகத்தில் சௌ யிசிங்கும் குழுவினரும் ஆர்ட்டிமீதரையும் லூமிஃபான்ட்ரினையும் ஒரே மாத்திரையில் இணைத்தார்கள். நோவார்டிஸின் முன்னோடியான சிபா-கெய்கி நிறுவனம் 1994இல் ஒப்பந்தம் போட்டது, நோவார்டிஸ் அதை உலகச் சந்தைக்குக் கொண்டுபோனது. கோஆர்ட்டம் என்ற பெயரில் மூன்று நாளில் ஆறு வேளை. பால் அல்லது கொழுப்புள்ள உணவோடு எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் லூமிஃபான்ட்ரின் உடம்பில் சரிவரச் சேராது. உலக சுகாதார நிறுவனம் 2001 முதல் கூட்டு மருந்தைப் பரிந்துரைத்தது. 2006இல், ஆர்ட்டிமிசினினைத் தனி மாத்திரையாக விற்பதை நிறுத்துமாறு நிறுவனங்களைக் கேட்டுக்கொண்டது. இந்தியாவில் பால்சிபேரத்துக்கு ஆர்ட்டிசுனேட்டோடு சல்ஃபாடாக்சின்-பைரிமெத்தமின் கொடுக்கப்படுகிறது. வடகிழக்கு மாநிலங்களில் அந்தத் துணை மருந்து பலன் இழந்ததால், 2013 முதல் அங்கே ஆர்ட்டிமீதர்-லூமிஃபான்ட்ரின்.

உலகம் முழுக்க ஒரே செடியைக் கேட்டதும் விவசாயம் ஆட்டம் கண்டது. 2005 வாக்கில் ஆர்ட்டிமிசினின் விலை கிலோ ஆயிரம் டாலரைத் தாண்டியது. சீனாவிலும் வியட்நாமிலும் கிழக்கு ஆப்பிரிக்காவிலும் உழவர்கள் போட்டி போட்டு நட்டார்கள். இரண்டே ஆண்டில் விலை தரைமட்டமானது, பலர் கைவிட்டார்கள், மறுபடி தட்டுப்பாடு. இந்த ஏற்ற இறக்கத்துக்கு முடிவு கட்டக் கலிஃபோர்னியாவில் ஆய்வாளர் ஜே கீஸ்லிங் ஈஸ்டின் மரபணுக்களை மாற்றினார். கேட்ஸ் அறக்கட்டளை 4 கோடி டாலருக்கு மேல் கொடுத்தது. 2013இல் அந்த ஈஸ்ட், ஆர்ட்டிமிசினினின் முன்னோடிப் பொருளான ஆர்ட்டிமிசினிக் அமிலத்தை லிட்டருக்கு 25 கிராம் தந்தது. சனோஃபி நிறுவனம் இத்தாலியில் உற்பத்தியும் தொடங்கியது. ஆனால் அதற்குள் இலை விலை மறுபடி விழுந்திருந்தது. உயிரித் தொழில்நுட்பத்தின் வெற்றிக் கொடி என்று கொண்டாடப்பட்ட ஆலை சில ஆண்டுகளில் கைமாறியது. இன்றும் பெரும்பகுதி மருந்து வயலிலிருந்துதான் வருகிறது.

‘செடிதானே, கொல்லையில் நட்டு டீ போட்டுக் குடித்தால் போதாதா?’ என்று கேட்கிறவர்கள் உண்டு. ஆப்பிரிக்காவில் சில தொண்டு அமைப்புகள் இதை ஊக்குவித்தன. 2020இல் மடகாஸ்கர் அதிபர் ஆன்ட்ரி ரஜோலினா, இந்தச் செடி சேர்த்த ‘கோவிட்-ஆர்கானிக்ஸ்’ என்ற பானத்தைக் கோவிட்டுக்கு மருந்தென்று குடித்துக் காட்டினார். அது கோவிட்டைக் குணமாக்கியதற்குச் சான்று வரவில்லை. மலேரியாவுக்கும் உலக சுகாதார நிறுவனம் 2019இல் இந்த டீயையும் இலைப் பொடியையும் பரிந்துரைக்க மறுத்தது. இலைக்கு இலை மருந்தின் அளவு மாறும், நீரில் அது குறைவாகவே இறங்கும். அளவு குறைந்த மருந்து நோயைத் தீர்க்காமல், ஒட்டுண்ணிக்குப் பழக்கம் மட்டும் கொடுக்கும். கே ஹோங்கின் கைப்பிடி எவ்வளவு என்ற கேள்வி நான்காம் நூற்றாண்டில் எழவில்லை. இன்று அதற்குப் பதில் சொல்லாமல் ஒரு குழந்தைக்கு மருந்து கொடுக்க முடியாது.

பழக்கம் ஏற்கெனவே தொடங்கிவிட்டது. கம்போடியாவின் மேற்கு எல்லையில் பைலின் என்ற ஊர். குளோரோகுயின் தோற்கத் தொடங்கிய அதே பகுதி. 2008-09இல் அங்கே ஆர்ட்டிசுனேட் ஒட்டுண்ணியை அகற்ற வழக்கத்தைவிட நெடுநேரம் எடுப்பதைக் கண்டார்கள். 2014இல் கே13 என்ற மரபணுவில் ஏற்படும் மாற்றங்களே இதற்கு அடையாளம் என்று தெரிந்தது. பின்னர் ருவாண்டாவிலும் உகாண்டாவிலும் அதே மரபணுவில் மாற்றங்கள் தாமாகவே தோன்றியிருப்பது உறுதியானது. 2023இல் உலகில் 26 கோடிக்கும் மேற்பட்டவர்களுக்கு மலேரியா வந்தது. 5,97,000 பேர் இறந்தார்கள். அதில் சுமார் 95 சதவீதம் ஆப்பிரிக்காவில். இறந்தவர்களில் பெரும்பாலோர் ஐந்து வயதுக்கு உட்பட்டவர்கள். மருந்து தோற்றால் விலை கொடுக்கப்போவது யார் என்பதை இந்த எண்களே காட்டுகின்றன.

பரிசைப் பற்றியும் ஒரு வார்த்தை. டூ யூயூவுக்கு 2011இல் லாஸ்கர் விருதும், 2015இல் மருத்துவ நோபல் பரிசில் பாதியும் கிடைத்தன. மறுபாதி, யானைக்கால் நோய்க்கும் ஆற்றுக் குருட்டு நோய்க்கும் எதிரான மருந்துக்காக வில்லியம் கேம்பெல்லுக்கும் சடோஷி ஓமுராவுக்கும் போனது. டூ யூயூவுக்கு முனைவர் பட்டம் இல்லை, வெளிநாட்டுப் படிப்பு இல்லை, சீன அறிவியல் கழக உறுப்பினர் பதவியும் இல்லை. சீனப் பத்திரிகைகள் அவரை ‘மூன்று இல்லாத பேராசிரியர்’ என்று எழுதின. பரிசு சீன மருத்துவத்துக்கா, நவீன மருந்தியலுக்கா என்ற விவாதமும் கிளம்பியது. நோபல் குழு, பாரம்பரிய மருத்துவத்துக்கு அல்ல, அதிலிருந்து தூண்டுதல் பெற்று உருவான மருந்துக்கே பரிசு என்று விளக்கியது. டூ யூயூவோ தம் நோபல் உரையில் ஆர்ட்டிமிசினினைச் சீன மருத்துவம் உலகுக்கு அளித்த கொடை என்று வருணித்தார். 640 குறிப்புகள் இல்லாமல் தேட இடமே இருந்திருக்காது. ஈதரும் எலியும் இல்லாமல் அந்த 640இல் ஒன்றைத் தேர்ந்திருக்கவும் முடியாது. சீனாவில் 1940களில் ஆண்டுக்கு மூன்று கோடிப் பேரைத் தாக்கிய மலேரியா, 2021 ஜூன் 30 அன்று அந்த நாட்டில் இல்லை என்று சான்றளிக்கப்பட்டது. மருந்தோடு கொசுவலையும், கிராமந்தோறும் நடந்த விடாத கண்காணிப்பும் சேர்ந்து செய்த வேலை அது. இலங்கை 2016இலேயே அந்தச் சான்றைப் பெற்றுவிட்டது.

அளவு பற்றிய கேள்வி இன்னும் முடியவில்லை. ஐந்து கிலோ எடைக்குக் குறைந்த பச்சிளங் குழந்தைகளுக்கென்று மலேரியா மருந்து எதுவும் நெடுங்காலம் இருக்கவில்லை. பெரிய பிள்ளைகளின் மாத்திரையையே குறைத்துக் கொடுத்துவந்தார்கள். அந்த வயதில் கல்லீரல் முழுமையாக வேலை செய்யாது. மருந்து உடம்பில் தங்கும் அளவு மாறும். அதனால் ஆர்ட்டிமீதர், லூமிஃபான்ட்ரின் இரண்டின் விகிதத்தையே மாற்றிப் பார்க்க வேண்டியிருந்தது. ஆப்பிரிக்க நாடுகளில் குழந்தைகளிடம் நடந்த ஆய்வுக்குப் பிறகு, 2025 ஜூலையில் சுவிட்சர்லாந்தின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு இரண்டு கிலோ முதல் ஐந்து கிலோ வரை எடையுள்ள குழந்தைகளுக்கான கோஆர்ட்டத்துக்கு ஒப்புதல் கொடுத்தது. தாய்ப்பாலிலும் கரைத்துக் கொடுக்கலாம். அந்த ஆய்வறிக்கையை ஏற்று ஆப்பிரிக்க நாடுகள் சில தம் நாட்டிலும் ஒப்புதல் தரும் நடைமுறை அப்போது தொடங்கியது.